கதவுக்குள் நின்ற தண்ணீர்

“செல்வி, கார் கதவுக்குள்ள தண்ணி நிக்குதுடி.”

போனை எடுத்ததும் எப்படி இருக்கே கிடையாது, சாப்பிட்டியா கிடையாது. நேராகத் தண்ணீர்தான். முத்துப்பேட்டையிலிருந்து என் கல்லூரித் தோழி ஹமீதா.

“எந்தக் கார்?”

“என்கிட்ட என்ன பத்துக் காரா நிக்குது? அவங்க காருதான். கதவைத் திறந்தா உள்ள சலக்கு சலக்குங்குது. இளநியை ஆட்டிப் பாக்குற மாதிரி.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “நீதான் வரணும். வேற மெக்கானிக் யாரையும் கை வைக்க விடமாட்டேன்” என்றாள். புரட்டாசிக் கடைசி. மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும் நேரம்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் கார் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். நான் ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி வாசலில் நிறுத்தி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மறுபடி பூட்டி, ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தெருவில் எனக்குக் ‘கார் டீச்சர்’ என்று பெயர்.

ஏன் இந்தக் கிறுக்கு என்று கேட்டு இன்னும் மெயில் வருகிறது. எங்கள் ஊரில் அம்பாசிடர் என்றால் பண்ணை வீட்டு வண்டி. அது தெருவில் திரும்பினால், கூலிக்கு ஏர் ஓட்டிய என் அப்பா ஓரமாக ஒதுங்கி, தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த வண்டியைக் கழற்றிப் பார்க்க அவர் மகளுக்கு ஆசை வந்ததில் என்ன ஆச்சரியம்?

சரி… ஹமீதாவுக்கு வருகிறேன்.

ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில். வாய் என்றால் அப்படி ஒரு வாய். வார்டனே இவளிடம் பேச்சுக் கொடுக்க யோசிப்பார். டிகிரி முடித்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளை ஜமால் அண்ணனுக்கு வளைகுடாவில் டிரைவர் வேலை. கல்யாண விருந்து செரிப்பதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார்.

முத்துப்பேட்டைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில், பிழைக்க வெளிநாடு போவதை ‘சபர்’ என்பார்கள். பயணம் என்று அர்த்தம். பொறுமைக்கு அவர்கள் சொல்வது ‘சபூர்’. மாப்பிள்ளை போனதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் புதுப்பெண்ணிடம், “சபூர் செய்ம்மா” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நாளில் ஹமீதா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அவங்களுக்கு சபர், எனக்கு சபூர். ஒரு எழுத்துதான்டி வித்தியாசம்.”

தொண்ணூறுகளில் டெல்டாவில் பாதி வீடு இப்படித்தான் ஆனது. ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று தெரியாது. ஆனால் விசா வரும் என்று தெரியும். டைல்ஸ் பதித்த பெரிய வீடுகள் எழுந்தன. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு மாமியார், ஒரு மருமகள், ஒரு குழந்தை, ஒரு டெலிபோன். ஆண்கள் எல்லாம் சுவரில் போட்டோவாக மாட்டியிருப்பார்கள்… உயிரோடு இருக்கும்போதே.

புதுப்புதுக் கார்கள் டிவி விளம்பரத்தில் பளபளக்க ஆரம்பித்த அந்தச் சமயத்தில்தான் ஜமால் அண்ணன் ஒரு லீவில் வந்து செகண்ட்ஹாண்ட் அம்பாசிடர் வாங்கினார். ஊரே சிரித்தது. “சின்னதா, ஏசி போட்டு எவ்வளவோ வண்டி வருதே மாப்ளே” என்ற மாமனாரிடம், “காருன்னா கதவைச் சாத்தினா சத்தம் கேக்கணும் மாமா” என்றாராம். அவர் ஊரில் இருக்கும் வரைக்கும் அது ஓடும். அவர் கிளம்பிவிட்டால் ஷெட்டில் நிற்கும்.

சபர் போய் வருகிறவர்கள் பெட்டியில் தங்கம் கொண்டுவருவார்கள், சென்ட் கொண்டுவருவார்கள். கடைசி லீவில் ஜமால் அண்ணன் கொண்டுவந்தது ரப்பர். கார் கதவைச் சுற்றி ஒட்டுகிற பீடிங், சுருள் சுருளாக. ஏர்போர்ட்டில் பெட்டியைப் பிரித்த அதிகாரி, “என்னய்யா இது” என்று தலையில் அடித்துக்கொண்டாராம். அந்த லீவு முழுக்க நாலு கதவையும் பிரித்துப் போட்டு, தன் கையாலேயே மாட்டினார். “இனிமே ஒரு தூசு உள்ள வராது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரவில்லை. அங்கேயே நெஞ்சு வலி. அங்கேயே அடக்கம். இங்கே வந்தது ஒரு போன்கால்தான். இவள் அவர் முகம் பார்க்கவில்லை. அவரை அடக்கிய கபர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

கணவரை இழந்தவள் வெளியே வராமல் துக்கம் காக்கும் இத்தா இருந்த நாட்களில் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஹமீதா அழவே இல்லை. வந்தவர்கள் எல்லாம் “என்ன சபூர், என்ன சபூர்” என்று மெச்சிவிட்டுப் போனார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அப்படி வாயடித்தவள் அதன்பிறகு அளந்து பேச ஆரம்பித்தாள். கணவரைப் பற்றி யாராவது எடுத்தால், நல்லதாக ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

காரை ஒருவரையும் தொடவிடவில்லை. நாலு கண்ணாடியும் ஏற்றியபடியே நின்றது. சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிற மகள் பர்வீன், “என்கூட வந்துடுங்கம்மா” என்று கூப்பிடும்போதெல்லாம், “காரை யாரு பாத்துப்பா?” என்பாள். ஒரு புயலில் ஷெட்டின் தகரக் கூரை பறந்தது. பிறகு தார்ப்பாயைப் போட்டு மூடிவைத்தாள், அதிலும் மழை கசியத்தான் செய்யும்.

போனை வைக்கும்முன் ஒரு கண்டிஷன் போட்டாள். “தண்ணியை மட்டும் எடுத்துவிடு. அவங்க கைபட்ட எதையும் மாத்தக் கூடாது. ரப்பரு, ஸ்குரூ, எதுவும்.”

எப்படி முடியும் என்று யோசிக்காமலே சரி என்றேன்.

என் வண்டியிலேயே டூல் பாக்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் சம்பா நடவுக்கு வயல்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. பட்டுக்கோட்டை தாண்டியதும் காற்றில் உப்பு தெரிய ஆரம்பித்துவிடும். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று வருஷக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அதனால் போகும்போதே மனசு சரியில்லை.

பர்வீன் லீவு போட்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் தார்ப்பாயை உருட்டி எடுத்தோம். மேலே பார்க்க வண்டி நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை பெயின்ட் மங்கி மோர் நிறத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஆட்டினேன். ஹமீதா சொன்ன அதே சலக்கு சலக்கு.

கண்ணாடியை இறக்கப் பார்த்தேன். கைப்பிடி அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது. இந்த இடத்தில்தான் எல்லோரும் பலத்தைக் காட்டுவார்கள். காட்டக் கூடாது. கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தில் ஃபெல்ட் பட்டை ஒன்று ஓடும். வெல்வெட் மாதிரி இருக்க வேண்டிய அது, கருவாடு மாதிரி விறைத்துப்போய்க் கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருந்தது. முறுக்கினால் கண்ணாடிதான் நொறுங்கும். அதனால் கைப்பிடியின் பின்னைத் தட்டி எடுத்துவிட்டு, கதவின் உள்பக்கத்து அட்டையை ஒவ்வொரு கிளிப்பாக நெம்பிக் கழற்றினோம்.

குளத்துச் சேற்று வாடை அடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவின் வயிற்றுக்குள் டிகாஷன் நிறத்தில் தண்ணீர். அடித்தகடு துருப்பிடித்து, உப்பி, விரல் பட்டால் அப்பளம்போல் நொறுங்கியது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கார் கதவுக்குள் தண்ணீர் போவது ஒரு குற்றமே இல்லை. கண்ணாடி ஏறி இறங்க மேலே ஒரு பிளவு இருந்தாக வேண்டும். எத்தனை ரப்பர் வைத்தாலும் கொஞ்சம் மழை அதில் இறங்கத்தான் செய்யும். கதவைச் செய்தவனுக்கு அது தெரியும். அதனால் கதவின் அடியில் சின்னச் சின்னதாக ஓட்டைகள் வைத்திருப்பான். மேலே வந்த தண்ணீர் கீழே போய்விடும். டெல்டாக்காரர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டுமா என்ன? வாய்க்கால் வெட்டுகிற கையோடு வடிகாலையும் வெட்டுகிறவர்கள்தானே நாம்?

கையை உள்ளே விட்டு அந்த ஓட்டைகளைத் தேடினேன். தட்டுப்படவில்லை. எல்லாம் அடைபட்டிருந்தன. சேறு இல்லை, இலை தழை இல்லை. கறுப்பு சீலன்ட். டியூபிலிருந்து பிதுக்கி வைக்கிற பசை, இறுகி ரப்பராகியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் கட்டை விரலால் அழுத்திவிட்ட தடம். அடுத்த கதவைப் பிரித்தோம். அதிலும் அப்படியே. நாலு கதவிலும் அப்படியே.

“அத்தா…” என்றாள் பர்வீன். அவர்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள். “அங்க பாலைவனத்துலதானே ஆன்ட்டி கம்பெனி வண்டி ஓட்டினாங்க. மணல் காத்து அடிச்சா ஊசி ஓட்டை இருந்தாலும் உள்ள வந்துடுமாம். வண்டியில ஓட்டைன்னு கண்ணுல பட்டா இப்படித்தான் அடைச்சுடுவோம்னு சொல்வாங்க.”

எனக்குப் புரிந்துவிட்டது. மணலுக்குப் பயந்து, மழை பெய்கிற ஊரில் நிற்கிற காரின் வடிகாலை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். அதுவும் எவ்வளவு ஆசையாக! ஒன்றைக்கூட விடாமல்!

இப்போது என்ன செய்வது? அந்த அடைப்பை எடுக்காமல் தண்ணீர் போகாது. அவர் கைபட்டதை மாற்றாமல் கதவைக் காப்பாற்ற வழியில்லை. அவர் கைதான் கதவை அழுக வைத்திருக்கிறது. இதை ஹமீதாவிடம் யார் சொல்வது?

“சொல்லாதீங்க ஆன்ட்டி” என்றாள் பர்வீன். கண் கலங்கியிருந்தது. “அத்தான்னு அம்மாவுக்கு இருக்கிறது இந்த வண்டி ஒண்ணுதான். அத்தாவே இதைக் கெடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க.”

நானும் தலையாட்டினேன். குளவி கூடு கட்டி அடைத்துவிட்டது என்று சொல்வதாக ஏற்பாடு. ரகசியமாக நோண்டி எடுத்துவிட்டு, மேலே அவர் ரப்பரையே திரும்ப ஒட்டிவிடலாம். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஹமீதா டீயும் தட்டு நிறைய வாடாவும் கொண்டுவந்தாள். அரிசி மாவுக்குள் இறாலை வைத்துப் பொரிக்கிற பலகாரம் அது. அந்தக் கரைப் பக்கத்துக்குப் போனால் நான் அதற்காகவே போவேன். அன்று என் கை தட்டுக்குப் போகவில்லை. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

“என்னடி அடைப்பு?”

“குளவி… கூடு கட்டியிருக்கு.”

“நாலு கதவுலயுமா?”

“நாலு குளவி” என்றேன்.

இத்தனை வருஷம் மாணவிகளின் பொய்யைக் கண்டுபிடித்தே பிழைத்தவளுக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை பாருங்கள்!

ஹமீதா தட்டை கார் மேல் வைத்தாள். குனிந்தாள். கதவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

“இது அவங்க அடைச்சது” என்றாள். “டார்ச் பிடிச்சதே நான்தான். கையில ஒட்டிக்கிச்சுன்னு மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவிவிட்டேன்.”

“அம்மா, அது வந்து…” என்று பர்வீன் இழுத்தாள்.

“இதனாலதான் தண்ணி நிக்குதா?”

அவள் என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆமாம் என்றேன்.

“ஏன் அடைச்சாங்க?”

“மணல் வரக் கூடாதுன்னு.”

“இங்க ஏதுடி மணலு?”

கேட்டுவிட்டு, டிரைவர் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். திடீரென்று சிரித்தாள்.

“செல்வி, அவங்க மழைக்கு வந்ததே இல்லடி.”

“என்ன சொல்றே?”

“லீவு எப்பவும் பர்வீனோட முழுப்பரீட்சை லீவுலதானே. சித்திரை, வைகாசி. இவ ஸ்கூல் திறந்தா கிளம்பிடுவாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு ஐப்பசி, ஒரு கார்த்திகை இந்த வீட்டுல இருந்ததில்ல. அங்க இருந்து இருந்து, இந்த ஊருல மழைன்னு ஒண்ணு பெய்யும்ங்கிறதே மறந்துபோச்சு அவங்களுக்கு.”

பிறகு ஒரு கேசட்டைப் பற்றிச் சொன்னாள். இளைய வாசகர்களுக்கு விளக்க வேண்டும். வெளிநாட்டுக்கு போன் பேசுவது சுலபமில்லாத காலத்தில், வீட்டில் இருப்பவர்கள் டேப் ரிக்கார்டரில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் அந்தக் கேசட்டைக் கொடுத்தனுப்புவார்கள்.

“ஒரு வருஷம் சரியான மழை. பர்வீனுக்குக் காய்ச்சல். கரண்ட் இல்ல. தெருவுல முழங்கால் தண்ணி, டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போகவும் ஆளில்ல. பேட்டரி போட்டு டேப்பை ஆன் பண்ணிட்டேன், பேச்சே வரல. கோபம் கோபமா வந்துச்சு. தூக்கி ஜன்னல்கிட்ட வச்சேன். ஒரு பக்கம் முழுக்க வெறும் மழைதான். கேக்கட்டும், நாங்க இங்க எப்படிக் கெடக்குறோம்னு தெரியட்டும்னு அனுப்பிவிட்டேன்.”

“அண்ணன் கேட்டாங்களா?”

“போன் வந்தப்போ கேட்டேன், கேசட்டு கேட்டீங்களான்னு. ‘அது கெட்டுப்போயிருக்கு ஹமீதா, வெறும் இரைச்சல்தான் வருது. வேற அனுப்பு’ன்னாங்க.”

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

“அது மழைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. சரிங்க, வேற அனுப்புறேன்னு வச்சுட்டேன்.”

பர்வீன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதை அவளுக்கும் புதிது என்று முகத்திலேயே தெரிந்தது.

ஹமீதா என் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கினாள். கேட்கவில்லை, வாங்கினாள். சிமென்ட் தரையில் மண்டி போட்டு, கதவின் அடியில் முனையை வைத்து அழுத்திக் குடைந்தாள். முதலில் அசையவில்லை. பிறகு கறுப்பாக ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. அதன் பின்னாலேயே துருத் தண்ணீர் குபுக்கென்று அவள் கையிலும் புடவையிலும் கொட்டியது.

அவ்வளவுதான்… ஹமீதா வாயைத் திறந்தாள்.

“ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? மழை பெய்யுற ஊருல எவனாச்சும் இதை அடைப்பானா? பக்கத்துல டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு மாடு மாதிரி நின்னேனே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சா போயிடும்? கேக்க மாட்டீங்க. எல்லாம் நீங்களே முடிவு பண்ணணும். வரதும் நீங்களே, போறதும் நீங்களே. மவுத்தாப் போறதும் சொல்லாமக் கொள்ளாம நீங்களே…”

பர்வீன் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன். அடுத்த ஓட்டை. அடுத்த கதவு. குடையக் குடையத் திட்டினாள், திட்டத் திட்ட அழுதாள். ஷெட் தரை முழுக்கச் சிவப்புத் தண்ணீர் ஓடியது. பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்னம்மா சத்தம்?” என்றார். “கார் வேலை நடக்குதுங்க” என்றேன். நானும்தான் அழுதேன். உனக்கென்ன வந்தது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

அவர் இறந்த செய்தி வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நம் ஊரில் இறந்துபோனவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. போன நிமிஷத்திலிருந்து அவர்கள் தப்பே செய்யாதவர்கள் ஆகிவிடுவார்கள். வெளிநாட்டில் பாடுபட்டு, அங்கேயே போய்ச் சேர்ந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். அவரைப் பற்றி ஒரு குறை சொன்னால் நன்றி கெட்டவள் என்று பெயர் வந்துவிடும். இவளுக்கு அவர் மேல் எவ்வளவு ஆசை இருந்ததோ அவ்வளவு கோபமும் இருந்திருக்கிறது. கோபத்தை உள்ளே வைத்து மூடியவளுக்கு அழுகையும் அதோடு சேர்ந்து நின்றுபோனது. திட்டக்கூட முடியாத ஒரு மனுஷருக்காக எப்படி அழுவது, சொல்லுங்கள்? நாங்களும் எல்லோருமாகச் சேர்ந்து சபூர் சபூர் என்று மெச்சிக்கொண்டிருந்தோம்.

முகம் கழுவிவிட்டு வந்தாள். ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள். “மாத்த வேண்டியதையெல்லாம் மாத்துடி” என்றாள்.

மாற்றினோம். நாலு கதவின் அடித்தகட்டையும் வெட்டி எடுத்துவிட்டு, டிங்கர் கடையில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். மறக்காமல் ஓட்டை போட்டோம். உள்ளே துரு ஏறாமல் இருக்க இரண்டு கோட் ரெட் ஆக்சைடு. வருஷக்கணக்காக நின்ற எஞ்சினுக்குப் புது பேட்டரி, புது ஆயில். ஃபெல்ட்டும் பீடிங்கும் வாங்கத் திருச்சிக்குப் போனால் கடைக்காரர், “எதுக்கு மேடம் கஷ்டப்படுறீங்க? பவர் விண்டோவே போட்டுடலாம்” என்றார். பட்டனை அமுக்கினால் கண்ணாடி இறங்குமாம். எனக்கு வந்ததே கோபம்… ஆனால் அந்தச் சண்டை இந்தப் பத்திக்கு வேண்டாம்.

வாரக் கடைசியானால் நான் முத்துப்பேட்டையில். பீடிங்கைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மூலையில் ஆரம்பித்து, இழுக்காமல் உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும். இழுத்து மாட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும், பிறகு சுருங்கி மூலையில் இடைவெளி விட்டுவிடும். பின் கதவு இரண்டையும் ஹமீதாவே மாட்டினாள். மாட்டிக்கொண்டே என் வேலையில் குற்றம் கண்டுபிடித்தாள். கண்ணாடியை நான் கோணலாக வைத்திருக்கிறேனாம், கெமிஸ்ட்ரி படித்தவளிடம் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தானாம். ஹாஸ்டல் ஹமீதாவின் வாய் திரும்பிவந்திருந்தது. நான் பொய்க் கோபம் காட்டினேனே தவிர, உள்ளே அவ்வளவு சந்தோஷம்.

ஜமால் அண்ணன் கொண்டுவந்த ரப்பரில் நன்றாக இருந்த துண்டுகளை அவள் தூக்கிப் போடவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டவும் இல்லை. சாரல் வராமல் இருக்கக் கொல்லைக் கதவின் அடியில் வைத்து ஆணி அடித்துக்கொண்டாள்.

ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கிற வாசகர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் எந்த மாதத்தில் ஊருக்கு வருகிறார்கள்? அநேகமாக ஒரே மாதம்தான். பள்ளிக்கூட லீவு, ஆபீஸ் லீவு, டிக்கெட் என்று எல்லாம் கூடி வருகிற அந்த ஒரு மாதம். அந்த மாதத்து வெயில்தான் அவர்களுக்கு ஊர். மிச்ச மாதத்தை யார் பார்த்தார்கள்? நீங்கள்தான் பார்த்தீர்கள். அதை அவர்களிடம் சொல்கிறீர்களா, இல்லை ‘இங்க எல்லாம் நல்லா இருக்கோம்ப்பா’ என்று போனை வைத்துவிடுகிறீர்களா?

ஐப்பசியும் பாதி ஓடிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுத்தோம். பர்வீன் ஓட்டினாள். பக்கத்தில் ஹமீதா. பின் சீட்டில் நான், காதைத் தீட்டிக்கொண்டு… எங்காவது காற்று விசில் அடிக்கிறதா, கண்ணாடி கடகடக்கிறதா என்று. ஒரு சத்தமும் இல்லை. கதவைச் சாத்தியபோது மட்டும் கேட்க வேண்டிய சத்தம் கேட்டது.

ஊரைத் தாண்டி அலையாத்திக் காட்டுப் பக்கம் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தூறல் எல்லாம் கிடையாது, எடுத்த எடுப்பில் கொட்டியது. வைப்பர் திணறியது. பர்வீன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. எனக்கு ஒரே பெருமை.

ஹமீதா கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். கண்ணாடி வெண்ணெய் மாதிரி இறங்கியது. முழுக்க இறக்கிவிட்டாள். மழை அப்படியே உள்ளே வந்து அவள் முகத்தில், முக்காட்டில், மடியில் அடித்தது.

“அம்மா, கண்ணாடியை ஏத்துங்க! எல்லாம் நனையுது!” என்று பர்வீன் கத்தினாள்.

ஹமீதா ஏற்றவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே, எங்கள் இரண்டு பேரிடமும் இல்லாமல், நிதானமாகச் சொன்னாள்.

“கேசட்டு கெட்டுப்போகலங்க. மழைங்க அது.”

புது ஃபெல்ட், புது பீடிங், அவ்வளவு பாடுபட்டது எதற்கு? சீட் நனைந்தது. நனையட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.